கசடை உலர்த்தும் விஞ்ஞானமும் அதை அள்ளும் சாதியும்

எங்கள் துறையின் ஆய்வுக் கட்டுரைகளில் ஒரே மாதிரியான வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வரும். கசடு படுகையில் ஊற்றப்பட்டது. 15 நாட்கள் உலர்த்தப்பட்டது. பிறகு அகற்றப்பட்டது. எந்த இரசாயனத்தை எந்தக் கம்பெனியிடம் வாங்கினோம், அதன் தூய்மை எத்தனை விழுக்காடு, எந்த மாடல் தராசில் எடை போட்டோம் என்பதையெல்லாம் பெயர் சொல்லி எழுதுவோம். ஊற்றியவர் யார், அகற்றியவர் யார் என்று மட்டும் எழுதமாட்டோம். செயப்பாட்டு வினை என்பது இலக்கண விஷயம் என்று பள்ளியில் படித்தோம். கழிவுநீர்ப் பொறியியலில் அது சாதி விஷயம்.

நான் பெரிய காஞ்சிபுரத்துக்காரன். கழிவுநீர்க் கசடிலிருந்து தண்ணீரைப் பிரிப்பதை, மற்ற தொழில்கள் தூக்கியெறியும் கழிவுப்பொருட்களைக் கொண்டு எப்படி மேம்படுத்தலாம் என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. உமிச்சாம்பல், அனல்மின் நிலையச் சாம்பல், மரத்தூள், இடித்த கட்டடத்தின் தூள், குடிநீர்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் படிகாரச் சேறு என்று பட்டியல் நீளும். இந்த ஆய்வே வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. வேண்டும், அவசரமாக வேண்டும். ஆனால் இந்தத் துறை எதையெல்லாம் வெற்றி என்று அளக்கிறதோ அதில் எதிலும் அள்ளுகிறவரின் உடல் இல்லை. மறந்து விட்டுப்போனதாக இதை நான் நினைக்கவில்லை. கூலியாள் எப்போதும் மலிவாகக் கிடைப்பார் என்ற நம்பிக்கை எங்கள் கணக்குகளின் அடியில் கிடக்கிறது. அந்த மலிவை உற்பத்தி செய்து தருவது சாதி.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கழிவுநீரைச் சுத்திகரித்தால் தண்ணீர் ஒரு பக்கம் போகும், அடியில் கசடு தங்கும். கசடு என்றால் கெட்டியான சேறு என்று நினைக்க வேண்டாம். அதில் 97, 98 விழுக்காடு தண்ணீர்தான். 1,000 கிலோ கசடில் 20 கிலோதான் திடப்பொருள் இருக்கும். மீதி 980 கிலோ தண்ணீரையும் சேர்த்துத்தான் லாரியில் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். தண்ணீரை நீக்கி 80 விழுக்காடு ஈரத்துக்குக் கொண்டுவந்தால் அதே கசடு 100 கிலோவாகச் சுருங்கிவிடும். பத்தில் ஒரு பங்கு. உலகம் முழுக்கக் கழிவுநீர் நிலையங்களின் செலவில் பெரும்பகுதியை இந்தக் கசடு தின்பதால்தான் இத்தனை ஆய்வுகள்.

அந்தத் தண்ணீர் சுலபத்தில் வராது. தேங்காய்த் துருவலைத் துணியில் கட்டிப் பிழிந்தால் பால் ஓடிவரும். இட்லி மாவைக் கட்டிப் பிழிந்து பாருங்கள், துணியின் கண் அடைத்துக்கொண்டு நிற்கும். கசடு இட்லி மாவு ஜாதி. (இந்தச் சொல்லை இந்த அர்த்தத்தில்கூட யோசிக்காமல் போடுகிறோம் பாருங்கள்.) நுண்ணுயிரிகள் தம்மைச் சுற்றிச் சுரக்கும் புரதமும் சர்க்கரையும் கலந்த வழவழப்பு, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அழுத்தினால் துகள்கள் நசுங்கி வழி அடைபடும். எங்கள் ஊர்க் கசடுக்கு இன்னொரு பங்கும் சேர்கிறது. கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை எடுப்பார்கள். பட்டின் எடையில் 20 முதல் 25 விழுக்காடு வரை அந்தப் பசைதான், அதுவும் புரதம்தான். சாய வேலை நடக்கும் தெருக்களின் சாக்கடையில் அது போகிறது. கட்டுகிறவர் கையில் பளபளப்பு, சாக்கடையில் பசை.

இந்த அடைப்பைத் தீர்க்க இரண்டு வழி உண்டு. பெர்ரிக் குளோரைடு, பாலிமர் போன்ற இரசாயனங்களைப் போட்டுத் துகள்களைத் திரளச் செய்யலாம். இன்னொன்று, நசுங்காத ஏதாவது ஒரு தூளைக் கலந்து, கசடுக்குள் எலும்புக்கூடு மாதிரி ஒரு சட்டகம் நிற்கவைக்கலாம். அழுத்தம் ஏறினாலும் அந்தச் சட்டகத்தின் இடுக்குகள் வழியாகத் தண்ணீர் வெளியேறும். கழிவுப்பொருட்கள் வருவது இந்த இடத்தில்தான். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் 85 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்கா, கல் மாதிரி நிற்கும். நெல் விளையும் மாவட்டம், அரிசி ஆலைகள் சுற்றிலும் இருக்கின்றன, சாம்பலைக் கொட்ட இடமில்லாமல் திண்டாடுகிறார்கள். ஒரு கழிவைக் கொண்டு இன்னொரு கழிவைத் தீர்க்கலாம். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! இந்த அழகில் மயங்கித்தான் நானும் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

என் பெரியப்பா நகராட்சியில் நிரந்தரத் துப்புரவுப் பணியாளராக இருந்து ஓய்வூதியத்தோடு வெளியே வந்தவர். அவர் மகன், என் அண்ணன், அதே மாதிரி வேலையை ஒப்பந்தக்காரரிடம் செய்கிறார். ஓய்வூதியம் கிடையாது, நிரந்தரம் கிடையாது. ஒரு தலைமுறையில் வேலை மாறவில்லை, வேலைக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பாதுகாப்பு மட்டும் போயிற்று. இவர் இப்போது வெளியூரில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் படுகையில் காய்ந்த கசடை வாரிப் போடுகிறார். பொங்கலுக்கு வந்தபோது என் ஆய்வைப் பற்றிக் கேட்டார். சாம்பல் போட்டால் 20 விழுக்காடு திடம் இருந்த கசடு 30 விழுக்காடாக ஏறும் என்று பெருமையாகச் சொன்னேன்.

"எவ்ளோ சாம்பல் போடுவ?"

"திடப்பொருள் எடையில பாதி."

"அந்தச் சாம்பலையும் நாங்கதானடா தூக்கணும்?"

காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். 20 கிலோ திடப்பொருள், 20 விழுக்காடு திடம் என்றால் 100 கிலோ கசடு. இப்போது 10 கிலோ சாம்பல் சேர்த்தால் மொத்தத் திடம் 30 கிலோ. அது 30 விழுக்காடு திடம் என்றால்? அதுவும் 100 கிலோதான். ஒரு கிலோகூடக் குறையவில்லை! கட்டுரையின் வரைபடத்தில் 20-இலிருந்து 30-க்கு ஏறும் கம்பீரமான கோடு, மண்வெட்டி பிடிப்பவர் முதுகில் சுழியம். இது யாருக்கும் தெரியாத இரகசியமில்லை. சேர்த்த தூளின் எடையைக் கழித்துவிட்டுத்தான் பலனைச் சொல்ல வேண்டும் என்று இத்துறையிலேயே நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். ஆனாலும் திடப்பொருளின் எடையில் பாதிக்கு, சமமாக, அதற்கும் மேலே தூளைக் கொட்டிவிட்டு, மொத்தக் கசடின் ஈர விழுக்காட்டை மட்டும் காட்டிச் சாதனை என்று முடிக்கும் கட்டுரைகளை வாரத்துக்கு ஒன்றாவது நான் படிக்கிறேன். வடிகட்டும் எதிர்ப்பு எத்தனை மடங்கு குறைந்தது, உறிஞ்சுதாளில் தண்ணீர் பரவ எத்தனை விநாடி ஆயிற்று என்று இரண்டு தசம இடத்துக்குச் சொல்வார்கள். ஒரு ஆள் ஒரு நாளில் எத்தனை கிலோ தூக்கினார் என்ற எண்ணை இதுவரை நான் எதிலும் பார்த்ததில்லை.

எண்ணைப் பெரிதாக்கிப் பார்ப்போம். பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில், 2019-க்குப் பிறகு செங்கல்பட்டு மாவட்டம் என்று ஆகிவிட்ட மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் கருங்குழி பேரூராட்சி இருக்கிறது. செப்டிக் டேங்க் லாரிகள் கொண்டுவரும் மலக்கசடைச் சுத்திகரிக்கத் தமிழ்நாட்டில் முதன்முதலாக நிலையம் வந்தது அங்கேதான், 2017-இல். நாளொன்றுக்கு 23,300 லிட்டர் கொள்ளளவு. பெரிய இயந்திரங்கள் இல்லாமல், மணல் படுகையில் ஊற்றிச் சூரிய வெப்பத்தில் உலர்த்தும் முறை. அதற்கு முன் அந்த லாரிகள் ஏரிக்கரையிலும் வயலிலும் திறந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. அந்த வகையில் இது முன்னேற்றம், அதை நான் மறுக்கவில்லை. 2014-இல் தமிழ்நாடு அரசு மலக்கசடு மேலாண்மைக்கு வழிகாட்டு நெறிமுறை போட்டதும் நல்ல காரியமே.

அந்த அளவுள்ள ஒரு நிலையம் முழுக் கொள்ளளவில் ஓடுகிறது, வரும் கசடில் 2 விழுக்காடு திடம் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 466 கிலோ உலர் திடப்பொருள். 30 விழுக்காடு திடமாகக் காய்ந்த நிலையில் எடுத்தால் ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் மேலே. 20 கிலோ பிடிக்கும் பாண்டில் அள்ளினால் நாளைக்கு 78 பாண்டு. ஒவ்வொன்றும் குனிந்து, வெட்டி, தூக்கி, சுவருக்கு வெளியே கொடுப்பது. இதில் நான் பாதி எடைக்கு உமிச்சாம்பல் கலந்து, அதே 30 விழுக்காட்டில் நிறுத்தினேன் என்றால் 78 பாண்டு 117 பாண்டாகிவிடும். அப்புறம் அதை மக்கள் நலன் சார்ந்த பசுமைத் தொழில்நுட்பம் என்று பத்திரிகைக்கு அனுப்பலாம்.

மணல் படுகையைப் பற்றிப் பாடப்புத்தகம் எழுதுவது: குறைந்த செலவு, மின்சாரம் வேண்டாம், பயிற்சி பெற்ற ஆள் வேண்டாம், வெப்ப நாடுகளுக்கு ஏற்றது. இயந்திரத்தை இறக்கினால் மணலும் அடியில் இருக்கும் வடிகுழாயும் கெட்டுப்போகும், அதனால் மண்வெட்டியே சிறந்தது. குழாய் உடையக்கூடாது என்ற கவலை வடிவமைப்பிலேயே இருக்கிறது. இடுப்பு உடையக்கூடாது என்ற கவலை இல்லை. கூலி ஏறிய நாடுகள் இதை எப்படித் தீர்த்தன என்பதும் அதே பாடப்புத்தகங்களில் உண்டு. படுகையின் பெரும்பகுதிக்குக் கான்கிரீட் தளம் போட்டு, நடுவில் மட்டும் வடிகால் வைத்து, ஒரு பக்கம் சரிவுப்பாதை விட்டு, சிறிய லோடரை உள்ளே ஓட்டி வாரினார்கள். இது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை, பல பத்தாண்டு பழைய விஷயம். அங்கே ஆள் கிடைக்கவில்லை, அதனால் தளம் போட்டார்கள். இங்கே ஆள் கிடைக்கிறார். ஏன் கிடைக்கிறார், எந்தத் தெருவிலிருந்து கிடைக்கிறார் என்பதைப் பொறியியல் கல்லூரி கேட்பதில்லை.

எந்தத் தெரு என்பதற்கு ஒன்றிய அரசின் எண்ணே இருக்கிறது. நமஸ்தே திட்டத்தின் கீழ் சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களைக் கணக்கெடுத்தார்கள். 2024-இல் வெளிவந்த விவரப்படி, பதிவான சுமார் 38,000 பேரில் 68.9 விழுக்காடு பட்டியல் சாதியினர். பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 91.9. இதை ஒன்றிய அரசே சாதி சார்ந்த வேலை இல்லை, தொழில் சார்ந்த வேலை என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. எந்தத் தொழிலில் ஐயா இப்படி ஒரு பக்கமாக ஆள் சேர்கிறது? பட்டு நெசவுக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர் நாற்காலியிலா, சுற்றுச்சூழல் பொறியியல் துறையின் பேராசிரியர் பட்டியலிலா? வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்கிறவர்களையே மேலும் கீழுமாகப் பிரித்து அடைப்பது வேறு என்று அம்பேத்கர் 1936-லேயே எழுதிவிட்டார். சுத்திகரிப்பு நிலையத்துக்குள் ஒரு நாள் நின்று பாருங்கள். அறிக்கை எழுதுகிறவர், வால்வு திறக்கிறவர், படுகையில் இறங்குகிறவர் என்று மூன்று அடுக்கு. இந்த அடுக்குகளுக்கு இடையே ஏணி கிடையாது.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கையால் மலம் அள்ளுபவர் என்று யாரைச் சொல்கிறது தெரியுமா? சுகாதாரமற்ற கழிப்பறை, அதன் மலம் போய்ச் சேரும் திறந்த சாக்கடை அல்லது குழி, ரயில் தண்டவாளம், அரசு அறிவிக்கும் பிற இடங்கள் ஆகியவற்றில், மலம் முழுதாக மட்குவதற்கு முன் அதைக் கையாளுகிறவரை. ஒன்றிய அரசு அறிவிக்கும் கருவியோடும் பாதுகாப்பு உடையோடும் செய்தால் அவர் இந்த வரையறைக்குள் வரமாட்டார் என்று ஒரு விளக்கமும் கூடவே உண்டு. சுத்திகரிப்பு நிலையத்தின் உலர் படுகை இதில் பெயர் சொல்லி எங்கும் இல்லை. ஊரெல்லாம் சேர்ந்த மலம் கடைசியாக வந்து கிடக்கும் இடம், சட்டத்தின் கண்ணுக்குக் கழிப்பறையும் இல்லை, குழியும் இல்லை. அது ஒரு பொறியியல் அமைப்பு! என் அண்ணன் கையால் மலம் அள்ளுபவர் கிடையாது. அவர் ஹெல்பர்.

முழுதாக மட்குதல் என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில் எங்கள் விஞ்ஞானம் நேரடியாகவே குற்றத்துக்குத் துணைபோகிறது. காய்வது வேறு, மட்குவது வேறு. தண்ணீர் நீங்கிய கசடு பார்க்க மண் மாதிரி இருக்கும், நாற்றம் குறைந்திருக்கும். ஆனால் அதற்குள் உருண்டைப் புழுவின் முட்டைகள் மாதக்கணக்கில், சில நேரம் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். கசடை வயலில் போட வேண்டுமானால் ஒரு கிராம் உலர் திடப்பொருளில் உயிருள்ள முட்டை ஒன்றுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வரம்பு வைத்தது. வயலுக்கு வரம்பு உண்டு. வயலுக்குப் போவதற்கு முன்பே அதைக் கையால் தொடுகிறவர்? நாங்கள் வேகமாக உலர்த்திக் கொடுக்கக் கொடுக்க, மட்காத மலம் சீக்கிரமே மண் வேஷம் போட்டுக்கொள்கிறது. மண்தானே, கையுறை எதற்கு என்று மேஸ்திரி சொல்வதற்கு வசதியாகிவிடுகிறது. ஈரமாக இருந்தபோதாவது அது மலம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இதோடு என் சாம்பலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உமியை அதிக வெப்பத்தில் எரித்தால் சிலிக்கா படிகமாக மாறும், அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். அனல்மின் நிலையச் சாம்பலில் ஆர்செனிக் முதலான நச்சு உலோகங்கள் உண்டு. எண்ணூர்ப் பக்கம் அந்தச் சாம்பலோடு வாழ்கிற மீனவர்களையும் தலித் மக்களையும் கேட்டால் அது எப்படிப்பட்ட மூலப்பொருள் என்று சொல்வார்கள். சுண்ணாம்பு கலந்தால் கிருமி சாகும், ஈரக் கையில் பட்டால் தோல் வெந்துபோகும். மறுசுழற்சி என்று நாங்கள் தலைப்பில் போடும் பொருட்கள் தாமாக நடந்து ஆய்வகத்துக்கு வருவதில்லை. பொறுக்கியவர், பிரித்தவர், சலித்தவர், மூட்டை கட்டியவர் என்று ஒரு வரிசை இருக்கிறது. மலத்தை அள்ளும் வரிசைக்கும் குப்பையைப் பொறுக்கும் வரிசைக்கும் நடுவில் பெரிய தூரம் ஒன்றுமில்லை, பல இடங்களில் ஒரே குடும்பம்தான். கழிவிலிருந்து செல்வம் என்று மாநாட்டில் பதாகை கட்டுகிறார்கள். செல்வம் ஒரு கைக்கு, கழிவு மறு கைக்கு.

எங்கள் ஊருக்கு வருகிறேன். காஞ்சிபுரம் என்றால் எல்லோருக்கும் ஏகாம்பரநாதர், வரதராஜர், பட்டு. ஊரின் கழிவுநீர் கிழக்கே திருக்காலிமேடு பக்கம் போகிறது, மஞ்சள்நீர்க் கால்வாய் சுமப்பது நத்தப்பேட்டை ஏரியில் கலக்கிறது என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கால்வாயின் பெயரில் மட்டும் மங்களம் இருக்கிறது. 2019-இல் அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருளினார். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள், ஒரு கோடிக்கு மேல் ஆட்கள் வந்ததாகச் சொன்னார்கள். வெளியூர்களிலிருந்தும் தூய்மைப் பணியாளர்களைக் கூட்டிவந்து ஊரைத் துடைத்தார்கள். இன்று எத்தனை இலட்சம் பேர் தரிசித்தார்கள் என்று தினமும் கணக்கு வந்தது. இத்தனை இலட்சம் பேரின் மலம் எத்தனை லாரியில், எங்கே போய் இறங்கியது, யார் இறக்கினார்கள் என்ற கணக்கு நான் பார்த்த எந்தத் தலைப்புச் செய்தியிலும் இல்லை. 40 ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீருக்குள்ளிருந்து ஒருவரை வெளியே எடுக்க இவ்வளவு ஏற்பாடு செய்யத் தெரிந்த அரசுக்கு, தினமும் மலக்குழிக்குள் இறங்குகிறவரை வெளியே எடுக்கத் தெரியவில்லை.

அதே 2019-இல், அத்திவரதருக்குச் சில மாதங்கள் முன்பு, இதே மாவட்டத்தில் திருப்பெரும்புதூர் அருகே ஒரு குடியிருப்பின் செப்டிக் டேங்கில் 6 பேர் செத்தார்கள். ஒரே குடும்பத்தில் அப்பாவும் இரண்டு மகன்களும். 1993-க்குப் பிறகான மலக்குழி மரணங்களின் அரசுப் பட்டியலில் தமிழ்நாடு முதலிடம். பெரியார் மண் என்று மார்தட்டும்போது இந்த முதலிடத்தையும் சேர்த்துத்தான் தட்ட வேண்டும். உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 இலட்சம் என்று வைத்த இழப்பீட்டை 2023 அக்டோபரில் 30 இலட்சமாக உயர்த்தியது. நல்லது. ஆனால் மூச்சடைத்து ஒரே நாளில் செத்தால்தான் இழப்பீடு, செய்தி, சாலை மறியல் எல்லாம். படுகையில் 20 வருடம் மண்வெட்டி பிடித்துக் குடலில் புழுவோடும் நெஞ்சில் தூசியோடும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறவருக்கு எந்தப் பட்டியலிலும் வரிசை எண் கிடையாது.

இதை ஒரு ஆய்வுக் கூட்டத்தில் சுருக்கமாகச் சொல்லிப்பார்த்தேன். எந்த நிறுவனம், யார் என்பது இங்கே முக்கியமில்லை. "இதெல்லாம் சோஷியாலஜி, நீங்கள் இன்ஜினியரிங்கில் பட்டம் வாங்க வந்திருக்கிறீர்கள்" என்றார்கள். சரி, பேசுவோம். ஒரு டன் கசடுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் என்பது பொறியியல். எத்தனை கிலோ பாலிமர் என்பது பொறியியல். ஒரு டன்னுக்கு எத்தனை மனித மணி நேரம் என்பது மட்டும் எப்படிச் சமூகவியல் ஆகும்? பாலம் கட்டுகிறவர் பாலத்தின் மேல் போகிற லாரியின் எடையைக் கணக்கில் எடுக்கிறார், அதை யாரும் போக்குவரத்துத் துறை விஷயம் என்று தள்ளுவதில்லையே. அள்ளுகிறவரின் முதுகும் ஒரு தாங்குதூண்தான், அதற்குத் தாங்குதிறன் என்று ஒன்று உண்டு. அந்த எண்ணைக் கேட்காமல் இருப்பதுதான் சாதியைப் பொறியியலுக்குள் கொண்டுவருகிற வேலை. கேட்கிறவன் கொண்டுவரவில்லை.

இன்னொரு பதிலும் வரும், இதை நம் பக்கத்துத் தோழர்களே சொல்வார்கள்: இயந்திரம் வந்தால் தீர்ந்தது. பெரிய நகரங்களின் பெரிய நிலையங்களில் சென்ட்ரிபியூஜ் வந்துவிட்டது, தண்ணீரைச் சுழற்றிப் பிரிக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் அதன் வாயிலிருந்து விழும் கசடு தொட்டியை மீறிச் சிதறும்போது வாரிப் போடுவது யார்? உள்ளே அடைத்துக்கொண்டால் கழற்றிச் சுரண்டுவது யார்? பாலிமர் கொட்டிய தரையில் ஈரம் பட்டால் எண்ணெய் கொட்டியது போல வழுக்கும், அங்கே கட்டை விரலை ஊன்றி நிற்பது யார்? இயந்திரம் வாங்கும்போது இந்தக் கேள்விகளையும் ஒப்பந்தப்புள்ளியில் எழுதினால்தான் இயந்திரம் ஆளை விடுவிக்கும். எழுதாவிட்டால் பழைய ஆளையே இயந்திரத்துக்கு உதவியாளாக மாற்றும், சம்பளச் சீட்டில் பதவிப் பெயர் மட்டும் மாறும். சிறிய ஊர்களுக்கோ சென்ட்ரிபியூஜும் வராது, மின்கட்டணம் கட்டுப்படியாகாது என்று மணல் படுகைதான் வரும். தமிழ்நாட்டின் பேரூராட்சிகளில் இனி வரப்போகும் கசடெல்லாம் படுகையில்தான் விழப்போகிறது.

அதனால் சண்டை படுகையின் வரைபடத்திலிருந்தே தொடங்க வேண்டும். காஞ்சிபுரம் 2021-இல் மாநகராட்சி ஆகிவிட்டது, பாதாளச் சாக்கடை விரியும், புதிய சுத்திகரிப்பு வேலைகள் வரும். ஒவ்வொரு ஒப்பந்தப்புள்ளியிலும் கேட்போம்: படுகைக்குத் தளம் உண்டா, லோடர் இறங்கச் சரிவுப்பாதை உண்டா? எடுக்கும் கசடில் புழு முட்டை எத்தனை என்று யார், எந்த நாளில் சோதித்தார்கள்? அந்தச் சீட்டு ஒட்டப்படும்வரை யாரும் அதைக் கையால் தொடக்கூடாது என்று விதி உண்டா? அங்கே வேலை செய்கிறவர் ஒப்பந்தக்காரரின் ஹெல்பரா, மாநகராட்சியின் நிரந்தரப் பணியாளரா? உலர் படுகையையும் 2013 சட்டத்தின் கீழ் வரும் இடமாக அறிவிக்க அரசுக்கு அதிகாரம் இருக்கிறது, பிற இடங்கள் என்ற சொல் சட்டத்திலேயே கிடக்கிறது. அறிவிக்கச் சொல்லி இயக்கங்கள் மனுப் போட வேண்டும். மலக்குழி மரணத்துக்கு மறியல் செய்யும் நாம், படுகை கட்டும்போது போய் வரைபடத்தைக் கேட்பதில்லை. செத்த பிறகு கேட்பதைவிட அது சுலபம்.

எங்கள் துறைத் தோழர்களிடம் கேட்பது இன்னும் சின்ன விஷயம். தூள் கலந்து செய்யும் ஒவ்வொரு ஆய்விலும், சேர்த்த தூளோடு மொத்தம் எத்தனை கிலோ தூக்க வேண்டியிருக்கிறது என்ற எண்ணை ஈர விழுக்காட்டுக்குப் பக்கத்திலேயே போடுங்கள். பாதி எடைக்குத் தூள் சேர்த்தால் 20 விழுக்காடு 30-ஐத் தாண்டினால்தான் பலன் ஆரம்பிக்கிறது. 35-ஐ எட்டினால் 100 கிலோ 86 கிலோ ஆகும், அது உண்மையான குறைவு, அதைக் கொண்டாடலாம். கலக்கும்போது எழும் தூசியை அளந்து எழுதுங்கள். படுகையில் வேலை செய்கிறவரை உட்காரவைத்து முடிவைக் காட்டுங்கள், அவர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

என் ஆய்வேட்டின் அட்டவணைகளில் கடைசியாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். மேலே "ஒரு டன் கசடுக்கு ஆள் தூக்கும் எடை, கிலோவில்" என்று தலைப்பு. உமிச்சாம்பலில் நான் செய்த 11 கலவைகளில் ஏழுக்கு அந்தப் பத்தியில் எண் ஏறியிருக்கிறது, நான்குக்குத்தான் இறங்கியிருக்கிறது. அந்த நான்கை வைத்துக்கொண்டுதான் அடுத்த சோதனை. அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொல்லி இரண்டு முறை சொல்லிவிட்டார்கள். எடுக்கப்போவதில்லை. அடுத்த சோதனைக்கு அளவெடுப்பது எப்படி என்று அண்ணனோடு பேசி வைத்திருக்கிறேன். பாண்டுக்கு 20 கிலோ என்பது என் கணக்கு, ஈரமாக இருந்தால் 25-க்குக் குறையாது என்கிறார் அவர்.